பந்தைத் தொடாமல் பிழைக்கும் வேலை: என்.எஃப்.எல். ஆஃபென்சிவ் லைன்மேன்

"அமெரிக்க ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். முன்வரிசையில் குனிந்து நிற்கிற அந்த ஐந்து தடியர்கள் ஆட்டம் முழுக்க யாரையோ தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள், பந்து அவர்கள் கைக்கு வருவதே இல்லை. இதற்கா கோடிக்கணக்கில் டாலர் கொடுக்கிறார்கள்? அவர்களுடைய தொழில் வாழ்க்கை எப்படிப் போகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆமாம், அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.லில் கொடுக்கிறார்கள். 2025 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் அணி வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் தன் லெஃப்ட் டேக்கிள் ரஷான் ஸ்லேட்டருடன் 4 ஆண்டுக்கு 11.4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 2.85 கோடி. கையெழுத்துப் போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பயிற்சி முகாமில் முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாண் கிழிந்து அந்த சீசன் முழுவதையும் இழந்தார். இந்தத் தொழிலின் இரண்டு முகமும் அந்த இரண்டு வாரத்துக்குள் அடக்கம். மற்றதை விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் ஆஃபென்சிவ் லைன்மேன் எனப்படும் அந்த ஐந்து பேர் யார் யார் என்று பார்த்துவிடுவோம். நடுவில் நின்று பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் கொடுப்பவர் சென்டர். அவருக்கு இரு பக்கமும் கார்ட். அவர்களுக்கு வெளியே, ஓரத்தில், டேக்கிள். கண்டிப்பாகச் சொன்னால் சென்டர் ஒவ்வொரு ஆட்டத் துண்டிலும் (பந்தைக் கொடுத்ததிலிருந்து ஆட்டம் நிற்கும்வரை ஒரு துண்டு) பந்தைத் தொடுகிறார், ஆனால் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இவர்கள் 50 முதல் 79 வரையிலான எண்களைத்தான் அணிய முடியும். அந்த எண் போட்டவர் முன்னோக்கி வீசும் பந்தைப் பிடிக்க வேண்டுமானால், ஆட்டத் துண்டு தொடங்குவதற்கு முன்பே நடுவரிடம் போய்ச் சொல்லியாக வேண்டும். இது வெறும் சடங்கு இல்லை. 2023 டிசம்பர் 30 அன்று டல்லாஸில் டெட்ராய்ட் லயன்ஸின் டேக்கிள் டெய்லர் டெக்கர் கடைசி நிமிடத்தில் இரண்டு புள்ளிக்கான பந்தைப் பிடித்தார். நடுவர் குறித்து வைத்திருந்ததோ இன்னொரு லைன்மேனான டான் ஸ்கிப்பரின் எண்ணை. புள்ளி ரத்தானது, லயன்ஸ் 20-19 என்று தோற்றது. லைன்மேன்கள் தலைப்புச் செய்தியில் வருவது பெரும்பாலும் இப்படி ஏதாவது கெட்டுப்போகும்போதுதான்.

இனி அந்தத் "தள்ளுதல்". பாஸ் ஆட்டத்தில் பந்தை வாங்கி முன்னோக்கி வீசும் குவார்ட்டர்பேக்குக்குத் தேவைப்படுவது சுமார் இரண்டரை முதல் மூன்று வினாடி. விளையாட்டு டிவி நிறுவனமான ஈ.எஸ்.பி.என். கணக்கிடும் பாஸ் பிளாக் அளவுகோலும் இரண்டரை வினாடியைத்தான் கோடாக வைத்திருக்கிறது: அதுவரை எதிராளியைத் தடுத்து நிறுத்தினால் வெற்றி, முன்பே விட்டுவிட்டால் தோல்வி. ஒரு ஆட்டத்தில் ஓட்டமும் பாஸுமாகச் சுமார் 60 துண்டுகள் வரும். 17 ஆட்டம் கொண்ட சீசனில் முழுநேர லைன்மேன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் ஆடுவார். அதில் 995 சரியாகச் செய்து ஐந்தில் கோட்டை விட்டால், ஊர் பேசுவது அந்த ஐந்தைத்தான்.

லெஃப்ட் டேக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கால் முன்னே, இடது கால் அரை அடி பின்னே, முழங்கால் மடங்கி, முதுகு நேராக நிற்பார். ஆட்ட விதிப்படி அவருடைய ஹெல்மெட் சென்டரின் இடுப்பு வாரின் கோட்டையாவது எட்ட வேண்டும். அதற்கும் பின்னால் நின்றால் 5 யார்டு தண்டனை. பந்து அசைந்ததும் வலது காலால் தரையை உதைத்து, இடது காலைச் சாய்வாகப் பின்னோக்கி வழுக்க விடுகிறார். இதற்குப் பெயர் கிக் ஸ்லைட். பார்க்க நண்டு பின்வாங்குவது போலிருக்கும். 140 கிலோ உடம்பு பின்னோக்கி நகர்கிறது, எதிரே குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க ஓரத்திலிருந்து பாயும் 120 கிலோ எட்ஜ் ரஷர் முன்னோக்கி ஓடி வருகிறார். முன்னோக்கி ஓடுபவனைப் பின்னோக்கி நகர்பவன் மறிப்பது என்பது இயற்கைக்கே விரோதமான வேலை. இந்த ஒரு அசைவைக் கற்றுக்கொள்ளத்தான் வருஷக்கணக்கில் ஆகிறது.

இதில் தவறு எங்கே நேர்கிறது என்று பார்த்தால் ஆட்டமே புரிந்துவிடும். இரண்டு பாதமும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் அடித்தளம் போய்விடும், எதிராளி நேராக நெஞ்சில் மோதி அவரையே குவார்ட்டர்பேக் மடியில் தள்ளுவார். வேகத்துக்குப் பயந்து இடுப்பைச் சீக்கிரமே வெளிப்பக்கம் திருப்பினால் உள்பக்கம் கதவு திறந்துகொள்ளும். எதிராளி ஒரே எட்டில் உள்ளே வெட்டிப் போய்விடுவார், அதுதான் குவார்ட்டர்பேக்குக்கு மிகக் குறுகிய வழி. அதனால் உடல் எடை எப்போதும் உள் காலில் இருக்க வேண்டும், தோள் முடிந்தவரை ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். வெளிப்பக்கம் ஓடவிட்டால்கூடச் சமாளிக்கலாம். குவார்ட்டர்பேக் நிற்பது கோட்டிலிருந்து ஏழு எட்டு யார்டு பின்னால், ஓடுகிறவரை அதற்கும் அப்பால் தள்ளிக்கொண்டே போய்விட்டால் குவார்ட்டர்பேக் ஒரு அடி முன்னே வந்து நிம்மதியாக வீசுவார். அப்படி முன்னே வர இடம் வேண்டுமே? அதற்காகத்தான் கார்டும் சென்டரும் ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காமல் நிற்கிறார்கள். உள்ளே இருக்கும் மூன்று பேர் இடம் விட்டால், ஓரத்து டேக்கிள் எவ்வளவு அழகாக ஆடியும் பயனில்லை. இதைக் கவனிக்காமல் டேக்கிளைத் திட்டுகிற ரசிகர்கள்தான் அதிகம்.

கை விஷயம் இன்னும் நுணுக்கம். 1978 வரை பாஸ் தடுப்பில் கையை நீட்டித் திறந்த உள்ளங்கையால் தள்ள அனுமதி இல்லை. அந்த ஆண்டு விதி மாறிய பிறகுதான் இன்றைய பாணி பிறந்தது. முழங்கை விலாவோடு ஒட்டி, கட்டைவிரல் மேலே பார்த்தபடி, எதிராளியின் மார்புக் கவசத்துக்கு நடுவே குத்த வேண்டும். ஒரு கணம் முன்னால் குத்தினால் உடம்பு முன்னே சாய்ந்துவிடும், எதிராளி அந்தக் கையைத் தட்டிவிட்டுக் கடந்து போவார். ஒரு கணம் பின்னால் குத்தினால் அவர் கை முதலில் உங்கள் நெஞ்சில் இருக்கும். அதனால் இப்போது பலர் இரு கையையும் ஒரே நேரத்தில் வீசுவதில்லை. ஒரு கையைக் காட்டி எதிராளியின் தட்டலை வெளியே இழுத்து, மறு கையால் பிடிக்கிறார்கள். எதிராளி நீட்டிய கையை மேலிருந்து அடித்து இறக்கி, அவர் முகங்குப்புறப் போகும்படி செய்வதும் உண்டு. முன்னே சாய்ந்து ஓடி வருகிறவருக்கு அந்தக் கைதான் ஊன்றுகோல். அதைப் பிடுங்கினால் விழாமல் என்ன செய்வார்.

பிடித்தல் தண்டனை, அதாவது ஹோல்டிங், 10 யார்டு. பிடிக்காத லைன்மேன் கிடையாது. கை எதிராளியின் மார்புச் சட்டத்துக்குள் இருக்கும்வரை நடுவர் கண்டுகொள்ள மாட்டார். அவர் திரும்பிக் கடக்கும்போதும் விடாமல், சட்டை வெளியே இழுபடுவது தெரிந்தால் கொடி விழும். பெரும்பாலான ஹோல்டிங்குக்குக் காரணம் கை இல்லை, கால்தான். கால் நின்றுபோனால் கை தானாகப் பிடித்துக்கொள்கிறது.

ஒற்றைக்கு ஒற்றை என்றால்கூடப் பரவாயில்லை. எதிரணி ஸ்டண்ட் போடும்: உள்ளே நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிள் வெளிப்பக்கம் பாய்ந்து நம் டேக்கிள் மேல் மோதுவார், ஓரத்து ஆள் அவருக்குப் பின்னால் வளைந்து நடுவே நுழைவார். இதற்கு மருந்து, கார்டும் டேக்கிளும் ஒரே ஆழத்தில் நிற்பது. டேக்கிள் ரொம்பப் பின்னால் போய், கார்ட் முன்னாலேயே நின்றுவிட்டால் இருவருக்கும் நடுவே ஒரு சந்து கிடைக்கும், ஆளை மாற்றிக்கொள்ளவே முடியாது. ஒரே மட்டத்தில் இருந்தால் கார்ட் தன் ஆளை டேக்கிள் கையில் ஒப்படைத்துவிட்டு, வளைந்து வருகிறவரை எதிர்கொள்ளலாம். கபடியில் கைகோத்து நிற்கும் இருவரில் ஒருவர் மட்டும் முன்னே பாய்ந்தால் என்ன ஆகும் என்று தெரியுமல்லவா, அதே கதைதான். ஐந்து பேர் பல ஆட்டங்கள் சேர்ந்து ஆடிய அணிக்கும், வாரத்துக்கு ஓர் ஆள் மாறுகிற அணிக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில் பளிச்சென்று தெரியும்.

இதையெல்லாம் ஒருங்கிணைப்பவர் சென்டர். கோட்டுக்கு வந்ததும் எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் ஒரு லைன்பேக்கரைக் கைகாட்டி "மைக்" என்று எண் சொல்லி அறிவிப்பார். அவரை நடுப்புள்ளியாக வைத்து யார் யாரைத் தடுப்பது என்று ஐவரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஐந்து பேர் வந்தால் ஐவர் போதும், ஆறாவது ஆளை, பந்தை ஏந்தி ஓடுபவரான ரன்னிங் பேக் பார்த்துக்கொள்வார், ஏழாவது ஆள் வந்தால் அவர் எட்டுவதற்குள் குவார்ட்டர்பேக் பந்தை வீசிவிட வேண்டும். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்க 40 வினாடி. அதற்குள் கூடிப் பேசி, வந்து நின்று, எதிரணி இடம் மாறினால் கணக்கையும் மாற்றியாக வேண்டும். வெளியூர் மைதானத்தில் இன்னும் சிக்கல். கான்சஸ் சிட்டியின் ஆரோஹெட் மைதானத்தில் 2014ல் பதிவான கூச்சல் 142.2 டெசிபல். குரலே கேட்காத இடத்தில் கார்ட் பின்னால் திரும்பிக் குவார்ட்டர்பேக்கின் சைகையைப் பார்த்துச் சென்டரின் தொடையைத் தட்டுவார், சென்டர் தலையை ஒருமுறை அசைத்துவிட்டுப் பந்தைக் கொடுப்பார். டேக்கிளுக்கு இதில் நஷ்டம்: எதிராளியைப் பார்க்க வேண்டிய கண் பந்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த அரைக் கணத்தில்தான் ஓரத்து ஆள் அவரைத் தாண்டுகிறார். வெளியூரில் முன்கூட்டியே அசைந்ததற்கான 5 யார்டு தண்டனைகள் மலிவதற்கும் இதுதான் காரணம்.

ஓட்ட ஆட்டத்துக்கான தடுப்பு பெரும்பாலான லைன்மேன்களுக்குப் பிடித்தமானது, ஏனென்றால் அடி வாங்குவதற்குப் பதில் அடிக்கலாம். தோள் யாருக்குத் தாழ்வாக இருக்கிறதோ அவர் ஜெயிப்பார். இருவர் இடுப்போடு இடுப்பு ஒட்டி ஒருவரைத் தள்ளிக்கொண்டே போய், சரியான கணத்தில் ஒருவர் மட்டும் கழன்று பின்னால் நிற்கும் லைன்பேக்கரிடம் போவார். "நாலு கையும் முன்னால் நிற்கிறவன் மேல், நாலு கண்ணும் பின்னால் நிற்கிறவன் மேல்" என்று பயிற்சியாளர்கள் கத்துவது இதற்குத்தான். சீக்கிரம் கழன்றால் முன்னால் நிற்பவர் உள்ளே புகுந்துவிடுவார், தாமதித்தால் லைன்பேக்கர் ஓடுகிறவரைப் பிடித்துவிடுவார்.

சரி, இந்த வேலைக்கு எப்படி வருகிறார்கள்? உருவம் வாசல் வரைக்கும்தான் கொண்டுவிடும். 6 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரம், 136 முதல் 150 கிலோ எடை, தோள் முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை 33 அங்குலமாவது கை. உள்ளே ஆடுபவர்களுக்கு உயரத்தில் கொஞ்சம் சலுகை உண்டு. ஆனால் நல்ல லைன்மேன்களின் பழைய கதையைப் பார்த்தால் பாதிப் பேர் பள்ளியிலோ கல்லூரியிலோ வேறு இடத்தில் ஆடியவர்கள். லேன் ஜான்சன் ஜூனியர் கல்லூரியில் குவார்ட்டர்பேக், பிறகு டைட் எண்ட் (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்), பிறகு டிஃபென்ஸ், கடைசியில்தான் டேக்கிள். அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் 2013ல் நான்காவது ஆளாகப் போனார். ஜேசன் பீட்டர்ஸ் டைட் எண்டாக வந்து, டிராஃப்டில் எவரும் எடுக்காமல், ஒன்பது முறை நட்சத்திர வீரர்களுக்கான புரோ பௌலுக்குத் தேர்வானார். ஜேசன் கெல்சி உதவித்தொகை இல்லாமல் சின்சினாட்டி பல்கலைக்கழக அணியில் சேர்ந்தவர். எடையைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். பாதத்தின் சுறுசுறுப்பை அப்படி ஏற்ற முடியாது. அதனால் தேர்வாளர்கள் தேடுவது முதலில் கால், பிறகுதான் உடம்பு.

கல்லூரியில் மூன்று நான்கு ஆண்டு ஆடியபின், பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் கம்பைன் என்ற சோதனை. 40 யார்டு ஓட்டம், 102 கிலோ பாரத்தை எத்தனை முறை தூக்குகிறார், நின்ற இடத்திலிருந்து தாண்டுவது, திசைமாறி ஓடுவது எல்லாம் டிவியில் வரும். டெரன் ஆர்ம்ஸ்டெட் 2013ல் 40 யார்டை 4.71 வினாடியில் ஓடியது லைன்மேன்கள் நடுவே இன்றும் பேசப்படுகிறது. அணிகள் உண்மையில் பார்ப்பது முதல் 10 யார்டு நேரத்தையும், கேமராவுக்கு வெளியே நடக்கும் மருத்துவச் சோதனையையும்தான். முதுகுத் தட்டிலோ முழங்காலிலோ சந்தேகம் வந்தால் முதல் சுற்று ஆள் மூன்றாம் சுற்றுக்குச் சரிவார். கை நீளத்துக்கும் சண்டை நடக்கும். 2025ல் வில் கேம்ப்பெலின் கை கம்பைனில் 32⅝ அங்குலம் என்று பதிவானது. டேக்கிளுக்கு இது போதாது, கார்டாகத்தான் ஆட வேண்டும் என்று இரண்டு மாதம் விவாதம் ஓடியது. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் நான்காவது ஆளாக எடுத்து லெஃப்ட் டேக்கிளாகவே நிறுத்தியது.

டிராஃப்டில் எடுக்கப்பட்டால் நான்கு ஆண்டு ஒப்பந்தம். முதல் சுற்று ஆளுக்கு ஐந்தாம் ஆண்டை நீட்டிக்கும் உரிமை அணிக்கு உண்டு. எடுக்கப்படாதவர்கள் சாதாரண ஒப்பந்தத்தில் முகாமுக்கு வரலாம். முகாமில் 90 பேர், ஆகஸ்ட் கடைசியில் 53 ஆகச் சுருங்கும். அந்த 53ல் லைன்மேன்கள் எட்டு முதல் பத்துப் பேர். ஐந்து பேர் ஆடுவார்கள் என்றால் மீதி? இங்கேதான் புதியவர்கள் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. லீகும் வீரர் சங்கமும் போட்ட 2020 ஒப்பந்தப்படி ஆட்ட நாளில் எட்டு லைன்மேன்களைச் சீருடையில் நிறுத்தினால் அணி 48 பேரைப் பயன்படுத்தலாம், இல்லையென்றால் 47தான். அந்த எட்டாவது இடம் பல பேருக்குச் சோறு போடுகிறது. அந்த இடத்துக்குத் தகுதி என்ன தெரியுமா? இரண்டு பக்கமும் டேக்கிள் ஆடத் தெரிய வேண்டும், அல்லது கார்டும் சென்டரும் சேர்த்து ஆடத் தெரிய வேண்டும். ஒரே இடம்தான் தெரியும் என்பவர் முதல் ஐந்துக்குள் இருந்தால் மட்டுமே பிழைப்பார். இரண்டாம் வரிசை ஆளாக எட்டு ஆண்டு ஓட்ட வேண்டுமானால் பந்தைப் பின்னால் கொடுக்கக் கற்றுக்கொள்வதுதான் நல்ல வழி என்பேன். புரூஸ் மேத்யூஸ் ஐந்து இடங்களிலும் ஆடியவர், 19 சீசனில் 296 ஆட்டம்.

53க்குள் வராதவர்களுக்கு, பயிற்சிக்காக வைத்திருக்கும் பிராக்டிஸ் ஸ்குவாட். அணிக்கு 16 பேர், 2025ல் புதியவர்களுக்கு வாரம் 13,000 டாலர். 18 வாரம் முழுக்க இருந்தால் 2,34,000. அதே 2025ல் முதன்மை அணியில் இருந்தால் முதல் ஆண்டு ஆளுக்குக் குறைந்தபட்சமே 8,40,000. இடையில் எத்தனை முறை நீக்கப்பட்டு, வேறு ஊருக்குப் பெட்டி தூக்கி, திரும்ப அழைக்கப்படுவார்கள் என்பதற்குக் கணக்கில்லை. மேலே சொன்ன டான் ஸ்கிப்பர் அந்த ரகம்: 2017ல் எவரும் எடுக்காத ஆள், பலமுறை நீக்கப்பட்டுத் திரும்பியவர்.

இந்த வழியில் நடந்த வினோதமான ஏற்றம் ஜோர்டான் மைலாட்டாவுடையது. சிட்னியில் பிறந்து ரக்பி லீக் ஆடியவர், 6 அடி 8 அங்குலம். அமெரிக்க ஃபுட்பாலில் ஓர் ஆட்டம்கூட ஆடாத அவரை 2018ல் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஏழாம் சுற்றில் 233வது ஆளாக எடுத்தது. முதல் இரண்டு சீசனும் முதுகு வலியோடு காயப் பட்டியலில் முடிந்தன. அந்த இரண்டு ஆண்டும் வீணாகவில்லை, லைன் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் நிற்பதிலிருந்து கற்றுக்கொடுத்தார். 2020ல் முதல் ஆட்டம், 2021ல் 6.4 கோடி டாலர் நீட்டிப்பு, 2025 பிப்ரவரியில் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்ற மோதிரம். டிவியில் வீரர்கள் தங்கள் பெயரையும் கல்லூரியையும் சொல்லும்போது மைலாட்டா "ஜெஃப் ஸ்டவுட்லண்ட் பல்கலைக்கழகம்" என்பார். எல்லோருக்கும் இப்படி அமையாது. பெரும்பாலான அணிகளுக்கு இரண்டு ஆண்டு காத்திருக்கும் பொறுமை கிடையாது.

காத்திருக்கப் பொறுமை இல்லை, கற்றுக்கொடுக்க நேரமும் இல்லை. ஞாயிறு ஆட்டம். திங்கள் வீடியோ பார்த்து ஒவ்வொரு துண்டுக்கும் மதிப்பெண். செவ்வாய் ஓய்வு. புதன் முதல் இரண்டு முயற்சிகளுக்கான (பத்து யார்டு முன்னேற அணிக்குக் கிடைப்பது நான்கு முயற்சி) திட்டம், வியாழன் மூன்றாம் முயற்சி, வெள்ளி கோல் கோட்டருகே ஆடுவது, சனி நடந்து பார்ப்பது. இதில் முழுக் கவசத்தோடு மோதிப் பழகும் நாள் சீசன் முழுக்கவே 14தான், 2011 ஒப்பந்தத்திலிருந்து அப்படி. உடம்புக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் மோதிப் பழகாமல் கற்க முடியாத தொழில் இது. கல்லூரிகளிலும் பரந்து நின்று சட்டென்று பந்தை வீசும் பாணி வந்துவிட்டதால், தரையில் கை ஊன்றி நிற்கவே பழகாத பையன்கள் வருகிறார்கள். இன்று லைன்மேன்கள் முன்பைவிடத் தாமதமாகத் தேறுவதற்கு இவை இரண்டும் காரணம் என்பது என் கணிப்பு.

பணக் கணக்கு. லெஃப்ட் டேக்கிளுக்கு விலை ஏறியதற்கு வலது கை குவார்ட்டர்பேக்கின் முதுகுப்பக்கத்தை அவர் காப்பதுதான் காரணம். 1985 நவம்பர் 18 அன்று லாரன்ஸ் டெய்லர் மோதலில் ஜோ தீஸ்மனின் கால் முறிந்ததை டிவியில் பார்த்த தலைமுறை அதை மறக்கவில்லை. 1993ல் வீரர்கள் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை வந்ததும் சந்தை அந்தப் பயத்துக்கு விலை போட்டது. இப்போது ரஷர்கள் இரு பக்கமும் வருவதால் ரைட் டேக்கிளும் சமமாகிவிட்டார். 2024ல் ரைட் டேக்கிள் பெனை சூவலுக்கு டெட்ராய்ட் கொடுத்தது 4 ஆண்டுக்கு 11.2 கோடி. கார்ட் டைலர் ஸ்மித் 2025ல் டல்லாஸிடம் 4 ஆண்டுக்கு 9.6 கோடி. சென்டர் க்ரீட் ஹம்ப்ரி 2024ல் கான்சஸ் சிட்டியிடம் 7.2 கோடி.

தலைப்பில் வரும் தொகையை நம்பாதீர்கள். அதில் உறுதி செய்யப்பட்ட பங்கு எவ்வளவு, கையெழுத்துப் பணம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. மீதி, அணி நீக்கிவிட்டால் காற்றோடு போகும். ஏஜென்டுக்கு அதிகபட்சம் 3 சதவீதம், ஆடும் மாநிலங்களின் வருமான வரி தனி. நான்கு சீசன் கணக்கில் ஏறினால்தான் முழுச் சுதந்திரத்தோடு சந்தைக்கு வரலாம். அந்த இரண்டாவது ஒப்பந்தம் வருவது 25, 26 வயதில். வாழ்நாள் சம்பாத்தியம் அந்த ஒரு கையெழுத்தில் இருக்கிறது. சராசரி வீரரின் காலம் 3.3 ஆண்டு என்று வீரர் சங்கம் சொல்லி வந்திருக்கிறது, அதாவது பெரும்பாலோர் அந்தக் கையெழுத்தைப் பார்ப்பதே இல்லை. மூன்று சீசன் முடிந்தால் ஓய்வூதிய உரிமையும், விலகிய பிறகு ஐந்தாண்டு மருத்துவக் காப்பீடும் உண்டு. அதனால் இரண்டாம் ஆண்டு முடிவில் நீக்கப்படுவதும் மூன்றாம் ஆண்டு முடிவில் நீக்கப்படுவதும் ஒன்றல்ல.

சாப்பாடு வேலையின் ஒரு பகுதி. நாளுக்கு 5,000, 6,000 கலோரி. பசிக்காகச் சாப்பிடுவதில்லை, நிறை குறையாமல் இருக்கச் சாப்பிடுகிறார்கள். இரவு படுக்குமுன் ஒரு ஷேக், சிலர் நடு இரவிலும் எழுந்து இன்னொன்று. முகாம் வெயிலில் ஒரே பயிற்சியில் சில கிலோ வியர்வையாகப் போகும், முன்னும் பின்னும் எடை பார்த்து அதை நீராகவும் உப்பாகவும் திருப்பிக் கொடுப்பார்கள். 2001 ஆகஸ்ட் 1 அன்று மின்னசோட்டா வைக்கிங்ஸ் டேக்கிள் கோரி ஸ்டிரிங்கர் முகாமில் வெப்பத் தாக்கினால் இறந்தார். அதற்குப் பிறகுதான் இந்தக் கவனிப்பு தீவிரமானது.

காயத்தில் மிகக் கொடியது மோதலில் வருவதில்லை. நிலத்தில் ஊன்றி நிற்கும் கால் மேல் பின்னாலிருந்து வேறொருவர் உருண்டு விழுவார். கணுக்கால் மேல்பகுதியோ முழங்காலோ போய்விடும், லைன்மேன் அவரைப் பார்த்திருக்கக்கூட மாட்டார். முழங்காலுக்கு இரும்புச் சட்டம் மாட்டுவதும், ஆட்டம் முடியும்வரை காலை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்வதும் இதற்காக. விரல்கள் எதிராளி சட்டையில் சிக்கிப் பிசகும், அதனால் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி டேப். தங்கள் சட்டை பிடிபடாமல் இருக்க உள்ளே இருபக்கமும் ஒட்டும் டேப்பைத் தோள் கவசத்தில் ஒட்டி இறுக்கிக்கொள்வார்கள். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிந்தால் 9 முதல் 12 மாதம். தலைக்கு விழும் அடி வேறு வகை: மயக்கம் போடும் பேரடி அபூர்வம், ஒவ்வொரு துண்டிலும் ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் உரசும் சிற்றடி ஆயிரக்கணக்கில். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் 15 ஆண்டு, மொத்தம் 17 சீசன் ஆடிய சென்டர் மைக் வெப்ஸ்டர் 2002ல் 50 வயதில் இறந்தபோது, மருத்துவர் பென்னட் ஒமாலு அவர் மூளையில் கண்ட, தலையில் திரும்பத் திரும்ப விழும் அடியால் வரும் சி.டி.இ. சிதைவுதான் என்.எஃப்.எல். வீரர் ஒருவரிடம் முதலில் உறுதியானது. 2022ல் முகாமில் லைன்மேன்கள் ஹெல்மெட் மேல் மெத்தை போட்ட உறை மாட்டுவது கட்டாயமானது.

முடிவு எப்போது வரும்? கால் மெதுவாகும்போது டேக்கிள் கார்டாக நகர்வார், கார்ட் சில சமயம் சென்டராக. அறிவு ஈடுகொடுக்கும்வரை ஓட்டலாம். ஆண்ட்ரூ விட்வொர்த் 40 வயதில் சூப்பர் பௌல் வென்று விலகினார். ஜேசன் கெல்சி ஆறாம் சுற்று ஆளாக வந்து 13 சீசன், தொடர்ந்து 156 ஆட்டம் தொடக்க ஆளாக நின்று 2024 மார்ச்சில் நிறுத்தினார். கிளீவ்லாண்டின் ஜோ தாமஸ் 2007லிருந்து ஒரு துண்டுகூடத் தவறாமல் 10,363 துண்டுகள் ஆடினார். 2017 அக்டோபரில் மேற்கையின் பின்தசை கிழிந்த அன்றுதான் முதன்முறையாக வெளியே போனார். அந்தப் பத்து ஆண்டில் அணி ஒருமுறைகூட, சீசன் முடிவில் வரும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃப் பார்க்கவில்லை. 2023ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

சிலர் அதற்கும் முன்பே தாங்களாக இறங்கிக்கொள்கிறார்கள். பால்டிமோர் கார்ட் ஜான் அர்ஷல் 2017ல் 26 வயதில் விலகி எம்.ஐ.டி.யில் கணிதத்தில் டாக்டர் பட்டம் முடித்து இப்போது அங்கேயே பேராசிரியர். கான்சஸ் சிட்டி கார்ட் லோரோன் டுவெர்னே-டார்டிஃப் மருத்துவப் படிப்பை ஆடிக்கொண்டே முடித்தவர். 2020ல் கொரோனா வந்ததும் சூப்பர் பௌல் வென்ற அணியை ஒரு சீசன் விட்டுவிட்டு நோயாளிகளைப் பார்க்கப் போனார்.

விலகிய மறுநாளிலிருந்து வேலை தலைகீழ். இத்தனை ஆண்டும் ஏற்றி வைத்த எடையை இறக்க வேண்டும், இல்லையென்றால் ரத்த அழுத்தமும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் இதய நோயும் வரிசையாக வரும். ஆறாயிரம் கலோரிக்குப் பழகிய வயிறு ஒரே வாரத்தில் அடங்காது, ஆனால் வலிந்து சாப்பிடுவதை நிறுத்தினாலே பாதி கரைந்துவிடும் என்று பல பேர் சொல்கிறார்கள். தாமஸ் சில மாதங்களிலேயே 20 கிலோவுக்கு மேல் இறக்கினார். அவரைப் பழைய சட்டை எண் இல்லாமல் இன்று பார்த்தால் லைன்மேன் என்று சொல்ல மாட்டீர்கள்.